மேடைக்குப் பின்னால் ஓடும் கடிகாரம்

மாலை மணி 7.45. கரையோரப் பூந்தோட்டங்களில் அந்த ராட்சத மரங்களுக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறீர்கள். இசை தொடங்குகிறது. இசை உயரும்போது விளக்குகளும் பிரகாசமாகின்றன. தாளம் விழும் அதே நொடியில் நிறம் மாறுகிறது. கடைசி ஓசை அடங்கும்போது மரங்களும் இருளில் மூழ்குகின்றன.

இதை யாராவது ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு பொத்தான்களை அழுத்திச் செய்ய முடியுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 நிமிட நிகழ்ச்சி ஒன்றில் 2 நொடிக்கு ஒருமுறை ஒளி மாறுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 450 மாற்றங்கள். ஒவ்வொன்றையும் தாளத்தில் பிசகாமல் அழுத்த வேண்டும். ஆனால் ஒன்றைக் கண்ணால் கண்டு, மூளை புரிந்துகொண்டு, விரல் அசைவதற்கு நமக்கு ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கிறது. தாளத்தை முன்கூட்டியே அறிந்த கைதேர்ந்தவர் அந்தத் தாமதத்தைக் குறைக்கலாம். இருந்தாலும், தினமும் இரண்டு காட்சிகள், ஆண்டு முழுவதும், ஒரு தவறும் இல்லாமல் என்றால் மனித விரலால் இயலாது.

ஆகவே இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை நடத்துவோர் இயந்திரங்களுக்கு ஒரு பொதுவான கடிகாரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பெயர் ‘டைம்கோட்’. தமிழில் நேரக்குறியீடு என்று சொல்லலாம். பாடகர்களின் பெரிய இசை நிகழ்ச்சிகள், வாணவேடிக்கைகள், கேளிக்கைப் பூங்காக் காட்சிகள் எனப் பல இடங்களில் இந்தக் கடிகாரம் ஓடுகிறது. உங்கள் பள்ளி மண்டபத்திலும் அதை ஓடவைக்க முடியும். அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

“தொடங்கு” என்று சொன்னால் போதாதா?

ஒரு சோதனை செய்யுங்கள். நீங்களும் உங்கள் நண்பரும் ஒரே பாடலை ஆளுக்கொரு கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று” எனச் சொல்லி ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுங்கள். எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் பெரும்பாலும் எதிரொலி போன்ற ஒரு விலகல் கேட்கும்.

தொடக்கத்தைச் சரிசெய்துவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்து நேரத்தை எண்ணுகிறது. எந்த இரண்டு படிகங்களும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். இசைக்கும் ஒளிக்கும் இடையே அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. ஒத்திகையில் இயக்குநர், “பாட்டின் நடுவிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்” என்கிறார். இசையை நடுவுக்கு நகர்த்திவிடுகிறோம். விளக்குகளுக்கும் காணொளிக்கும் அது எப்படித் தெரியும்?

வகுப்பில் ஆசிரியர் பாடம் வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். “வாசியுங்கள்” என்று மட்டும் சொன்னால், நடுவே கவனம் சிதறியவர் எந்த வரி என்று தெரியாமல் விழிப்பார். “இப்போது பக்கம் 12, வரி 5, இப்போது வரி 6” என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்லிக்கொண்டே போனால், தாமதமாக வகுப்புக்குள் நுழைந்தவர்கூட உடனே சேர்ந்துகொள்ளலாம். நேரக்குறியீடு செய்வதும் இதைத்தான். “இப்போது எந்த இடம்” என்பதை ஒரு நொடிக்கு 25 அல்லது 30 முறை அது எல்லாக் கருவிகளுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

எட்டு இலக்க முகவரி

நேரக்குறியீடு இப்படி எழுதப்படும்: 01:02:15:08. முதலில் மணி, அடுத்து நிமிடம், அதற்கடுத்து நொடி. கடைசி இரண்டு இலக்கங்கள் ‘ஃபிரேம்’. ஒரு நொடியைச் சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபிரேம்.

ஃபிரேம் என்ற சொல் சினிமாவிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வந்தது. திரையில் நாம் காணும் அசைவு, உண்மையில் அசையாத படங்கள் வேகமாக மாறுவதால் உண்டாவது. அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். சினிமாச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் படங்களைக் கண்ணாலேயே பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டலாம். ஆனால் தொலைக்காட்சி நிலையங்கள் காந்த நாடாவில் பதிவு செய்யத் தொடங்கியபோது அது முடியவில்லை. நாடாவில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முகவரி தேவைப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் இந்த யோசனை உருவானது. 1916இல் தொடங்கப்பட்ட எஸ்எம்பிடிஇ என்னும் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் 1970களில் அதை எல்லாருக்கும் பொதுவான தரமாக்கியது. இன்று நாடா மறைந்துவிட்டது. முகவரி மட்டும் நிலைத்து நின்று, மேடைக்கும் வந்துவிட்டது.

நொடிக்கு எத்தனை ஃபிரேம்?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உலகில் ஒரே எண்ணிக்கை இல்லை. சினிமாவுக்கு 24. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, ஐரோப்பா ஆகியவற்றின் தொலைக்காட்சி முறையில் 25. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 30 என்று தொடங்கி, பிறகு 29.97 ஆனது.

நம் ஊரில் 25 ஆனதற்குக் காரணம் சுவரில் இருக்கிறது. இங்கே மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி அலைகிறது. தொலைக்காட்சி உருவான காலத்தில், படத்தின் வேகம் மின்சாரத்தின் அலைவோடு பொருந்தினால் திரையில் இடையூறு குறையும் என்று பொறியாளர்கள் கண்டனர். 50இல் பாதி 25. அமெரிக்காவில் மின்சாரம் 60 முறை அலைவதால் அங்கே 30.

அமெரிக்காவில் 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரம் வகுக்கப்பட்டபோது, வண்ணச் சமிக்ஞையும் ஒலிச் சமிக்ஞையும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வேகத்தைச் சற்றே குறைத்தார்கள். 30 என்பது 29.97 ஆனது. குறைவு ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் எண்ணுகிற கருவி, 30 ஃபிரேம் கடந்தால்தான் ஒரு நொடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. படங்கள் மெதுவாக வருவதால் அதன் கணக்கு உண்மையான கடிகாரத்துக்குப் பின்தங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம், அதாவது 3.6 நொடி.

இதைச் சரிக்கட்ட ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு ஃபிரேம் எண்களைத் தாண்டிவிடுவது. 10ஆல் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. ஒரு மணி நேரத்தில் 60 நிமிடங்கள். அவற்றில் 6 விலக்கு. மீதி 54. ஒவ்வொன்றிலும் 2 எண்கள். 54 × 2 = 108. கணக்கு நேராகிவிட்டது! இதற்கு ‘டிராப் ஃபிரேம்’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் படங்களையே தூக்கி எறிகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். படங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். எண்கள் மட்டுமே தாண்டப்படுகின்றன. 13ஆம் மாடி இல்லாத கட்டடத்தில் 12க்கு அடுத்து 14 என்று எழுதுவதைப் போல.

நேரத்தைச் சத்தமாக்குவது

இந்த எண்களைக் கம்பி வழியே எப்படி அனுப்புவது? மிகப் பழைய முறையே இன்றும் பரவலாக உள்ளது. எண்களை ஒலியாக மாற்றி, சாதாரண ஒலிக் கம்பியில் அனுப்புகிறார்கள். இதை எல்டிசி என்பார்கள்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 80 பிட்கள் அனுப்பப்படுகின்றன. பிட் என்பது 0 அல்லது 1. நேரத்தைச் சொல்ல 26 பிட்கள் போதும். நொடியின் பத்தாம் இடத்தில் 0 முதல் 5 வரைதான் வரும் என்பதால் அதற்கு 3 பிட்களே தேவை. ஒன்றாம் இடத்தில் 9 வரை வரும் என்பதால் 4 தேவை. இப்படியே மற்ற இலக்கங்களுக்கும் கணக்கிட்டால் 26 கிடைக்கும். இன்னும் 32 பிட்கள் பயன்படுத்துவோர் தங்கள் குறிப்புகளை எழுதிக்கொள்ள. 6 பிட்கள் டிராப் ஃபிரேமா இல்லையா என்பது போன்ற தகவல்களுக்கு. கடைசி 16 பிட்கள், “ஒரு ஃபிரேம் இங்கே முடிகிறது” என்று அறிவிக்கும் முத்திரை.

அந்த முத்திரையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது 0011111111111101. நடுவில் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு 1கள். நேர எண்களுக்கிடையே அப்படி ஒரு வரிசை வர வாய்ப்பில்லை. ஆகவே கருவிக்குக் குழப்பம் வராது. அதன் ஒரு முனையில் 00, மறுமுனையில் 01. பின்னோக்கி ஓடினால் வரிசை தலைகீழாகத் தெரியும். அதனால் நாடா முன்னே ஓடுகிறதா பின்னே ஓடுகிறதா என்பதையும் கருவி கண்டுகொள்ளும்.

0, 1 இரண்டையும் வேறுபடுத்தும் முறையும் எளிமையானது. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் மேலிருந்து கீழோ, கீழிருந்து மேலோ மாறும். பிட்டின் நடுவிலும் இன்னொரு முறை மாறினால் அது 1. மாறாவிட்டால் 0. மாற்றத்தை மட்டுமே கவனிப்பதால், கம்பியின் இரு முனைகளை யாராவது மாற்றிச் செருகிவிட்டாலும் நேரம் சரியாகவே படிக்கப்படும். அவசரமாகக் கம்பி இழுக்கும் மேடைகளில் இது பெரிய உதவி.

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 25 × 80 = 2,000 பிட்கள். அந்த ஒலியின் அதிர்வெண் 1,000க்கும் 2,000க்கும் இடைப்பட்ட ஹெர்ட்ஸ்களில் விழும். மனிதக் காதுக்கு நன்றாகவே கேட்கும். பழைய தொலைநகல் இயந்திரம் கீச்சிடுவதைப் போன்ற, காதைக் குடையும் சத்தம். அது தவறிப்போய் மண்டபத்தின் ஒலிபெருக்கிக்குள் போய்விட்டால் அன்றைய நிகழ்ச்சியை யாரும் எளிதில் மறக்கமாட்டார்கள்.

எம்டிசி என்ற இன்னொரு முறையும் உண்டு. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் ‘மிடி’ மொழியில் நேரத்தை அனுப்புவது அது. முழு நேரத்தையும் 8 துண்டுகளாக வெட்டி, ஒரு ஃபிரேமுக்கு 4 துண்டுகள் என அனுப்பும். ஆகவே ஒரு முழு முகவரி வந்துசேர 2 ஃபிரேம் ஆகும். 25 ஃபிரேம் முறையில் அது 0.08 நொடி. வாங்கும் கருவி அந்தத் தாமதத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் பள்ளி மண்டபத்துக்கு வருவோம்

உங்கள் தமிழ் மொழி மன்றம் தீபாவளி நிகழ்ச்சி நடத்துகிறது. பதிவு செய்யப்பட்ட 4 நிமிடப் பாடலுக்கு நடனம். பின்னால் திரையில் காணொளி. மேலே வண்ண விளக்குகள். கடைசித் தீர்மானத்தின் இறுதி அடியில் நடனமணிகள் உறைந்து நிற்க, அதே கணத்தில் மண்டபம் இருள வேண்டும். ஒலி-ஒளிக் குழுவில் நீங்கள். என்ன செய்வீர்கள்?

சிறிய மேடைகளில் வழக்கமான ஏற்பாடு இது. இரண்டு தடங்கள் கொண்ட ஒலிக்கோப்பு ஒன்றைத் தயாரிக்கிறார்கள். இடப்பக்கத் தடத்தில் பாடல். வலப்பக்கத் தடத்தில் நேரக்குறியீட்டின் கீச்சொலி. பாடல் ஒலிபெருக்கிக்குப் போகும். கீச்சொலி விளக்கு மேசைக்கும் காணொளிக் கணினிக்கும் மட்டும் போகும். இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்று விலக வழியே இல்லை.

வாங்கும் பக்கத்தில் நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்கும். மேக் கணினிகளில் இயங்கும் கியூலேப், விளக்குகளுக்கான கிராண்ட்எம்ஏ மேசைகள் ஆகியவை இத்துறையில் நன்கு அறிமுகமானவை. இவற்றில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘கியூ’ என்று பெயர். “01:02:15:08 வரும்போது கியூ 14ஐ இயக்கு” என்று எழுதி வைக்கலாம். எந்த மென்பொருளானாலும் ஐந்து கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்வி: நேரம் எங்கிருந்து வருகிறது? எல்டிசியா, எம்டிசியா, எந்த உள்ளீட்டுத் துளை, எந்தத் தடம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மேடைக்கு ஒரே ஒரு தலைமைக் கடிகாரம்தான் இருக்கலாம். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் நேரம் அனுப்பினால், இரு ஆசிரியர்கள் வெவ்வேறு பக்கங்களை வாசிக்கும் வகுப்பாகிவிடும்.

இரண்டாவது: நொடிக்கு எத்தனை ஃபிரேம்? அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஏன் என்று பாருங்கள். 15ஆம் ஃபிரேம் என்பது 30 ஃபிரேம் முறையில் சரியாக அரை நொடி. 25 முறையில் அதுவே 0.6 நொடி. கியூ பட்டியலை 30 என்று எண்ணி எழுதியவரும் 25 என்று அனுப்புபவரும் சேர்ந்தால், ஒவ்வொரு கியூவும் வெவ்வேறு அளவில் பிசகும். 30க்கும் 29.97க்கும் இடையிலான குழப்பம் இன்னும் ஏமாற்றும். முதல் நிமிடத்தில் தெரியவே தெரியாது. 5 நிமிடம் கடந்தால் 0.3 நொடி, அதாவது 9 ஃபிரேம் விலகியிருக்கும். ஒத்திகையில் முதல் அரை நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி” என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பாடலின் கடைசியையும் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது: எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறோம்? பூச்சியத்திலிருந்து தொடங்குவதுதான் இயல்பு என்று தோன்றும். தொழில்முறைக் கலைஞர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. முதல் பாடலுக்கு 01:00:00:00, இரண்டாவதற்கு 02:00:00:00, மூன்றாவதற்கு 03:00:00:00 என்று ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு ‘மணி’ கொடுப்பார்கள். மேடையில் திடீரென்று பாடல் வரிசை மாறினாலும் கவலையில்லை. மூன்றாம் பாடல் ஒலித்தால் 03 என்று நேரம் வரும். மூன்றாம் பாடலுக்குரிய விளக்குகளே எரியும். பாடலுக்கு முன் சில நொடி மௌனமும் விடுவார்கள். வாங்கும் கருவி நேரத்தைப் பிடித்துக்கொள்ளச் சில ஃபிரேம்கள் தேவை.

இதனால் ஒரு கூட்டல் வேலை வருகிறது. உங்கள் பாடலின் குறியீடு 01:00:00:00இல் தொடங்கி, 10 நொடி மௌனத்துக்குப் பிறகு இசை ஆரம்பிக்கிறது என்போம். காணொளியைத் தயாரித்த தோழி, இசையின் முதல் ஒலியைப் பூச்சியமாக வைத்து, “00:01:12:01இல் படம் மாற வேண்டும்” என்று எழுதித் தந்திருக்கிறார். மேடைக் கணக்கில் அது 01:01:22:01. மென்பொருளில் ‘ஆஃப்செட்’ என்ற கட்டத்தில் 01:00:10:00 என்று ஒருமுறை எழுதிவிட்டால் எல்லா எண்களையும் அதுவே கூட்டிக்கொள்ளும்.

ஒத்திகையில் திரையின் படம் மட்டும் 3 ஃபிரேம் பிந்தி வருகிறது. ஒளிப்படக்கருவிகள் படத்தைப் பதப்படுத்தச் சற்று நேரம் எடுப்பது வழக்கம். ஆகவே கியூவை 3 ஃபிரேம் முன்னே தள்ள வேண்டும். 01இலிருந்து 3ஐக் கழிக்க முடியாது. நொடியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்குகிறோம். அந்த ஒரு நொடி இங்கே 25 ஃபிரேம். 26 கழித்தல் 3, விடை 23. ஆக 01:01:21:23. தொடக்கப்பள்ளியில் கற்ற அதே கழித்தல்தான். 10க்குப் பதில் 25ஐக் கடன் வாங்குகிறோம், அவ்வளவுதான். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டால் படம் 6 ஃபிரேம் பிந்திவிடும். இந்தக் குறித் தவறு மிகச் சாதாரணமாக நடப்பது.

நான்காவது: நேரம் நடுவில் அறுந்துவிட்டால்? யாரோ கம்பியை மிதித்துவிட்டார்கள். அரை நொடி சமிக்ஞை வரவில்லை. மென்பொருள் உடனே நின்றுவிட வேண்டுமா, தன் சொந்தக் கடிகாரத்தில் தொடர வேண்டுமா? இப்படித் தானாகத் தொடர்வதை ‘ஃபிரீவீல்’ என்பார்கள். மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் சற்றுத் தூரம் ஓடுவதைப் போல. அளவை மிகக் குறைத்து வைத்தால் சிறு தடங்கலுக்கும் விளக்குகள் நின்றுவிடும். மிக அதிகமாக வைத்தால், நீங்களே இசையை நிறுத்திய பிறகும் விளக்குகள் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் மேடையில் எது பெரிய தொல்லை என்று யோசித்துத்தான் இந்த எண்ணை முடிவுசெய்ய வேண்டும்.

ஐந்தாவது: நேரம் நின்றாலோ தாவினாலோ என்ன செய்வது? பாட்டின் நடுவிலிருந்து தொடங்கும்போது, இடையில் விட்டுப்போன கியூக்களை எல்லாம் ஒரே மூச்சில் ஓட்டுவதா, அந்த இடத்தில் மேடை எப்படி இருக்க வேண்டுமோ அந்த நிலைக்கு நேரே போவதா, அடுத்த கியூவுக்காகக் காத்திருப்பதா என்று முன்கூட்டியே தீர்மானித்துச் சோதிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒலிக்கோப்பை எம்பி3 ஆகச் சுருக்காதீர்கள். மனிதக் காது கவனிக்காத பகுதிகளை நீக்குவதுதான் அந்தச் சுருக்கத்தின் வேலை. கீச்சொலியைக் கேட்கப்போவது காது அல்ல, கருவி. அதற்கு ஒவ்வொரு மாற்றமும் கூர்மையாகத் தெரிய வேண்டும். ‘வேவ்’ கோப்பாகவே வைத்திருங்கள். அடுத்து, அந்தத் தடத்துக்கு எதிரொலி போன்ற எந்த ஒலி அலங்காரமும் சேர்க்காதீர்கள்.

வாணவேடிக்கைக்கு முன்கணக்கு

வாணவேடிக்கையில் நேரக்குறியீட்டின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பூ வானில் விரிய வேண்டிய நேரமும் வெடியை ஏவ வேண்டிய நேரமும் ஒன்றல்ல. குண்டு மேலே ஏறச் சில நொடிகள் ஆகும். 00:03:20:00இல் பூ விரிய வேண்டும், ஏறுவதற்கு 3 நொடி என்றால், ஏவும் கட்டளை 00:03:17:00இலேயே போக வேண்டும். பெரிய குண்டுக்கும் சிறிய குண்டுக்கும் ஏறும் நேரம் வேறு. அவை எல்லாம் ஒரே தாளத்தில் விரிய, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கழித்துக் கணக்கிடுகிறார்கள்.

ஒலியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. திடலின் மறுகோடியில், 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஓசை கிட்டத்தட்ட 0.3 நொடி, அதாவது 7 ஃபிரேம் பிந்திக் கேட்கும். ஒளி உடனே வந்துவிடும். ஆகவே ஃபிரேம் தவறாமல் எல்லாம் இயங்கினாலும், இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. பெரிய திடல்களில் ஆங்காங்கே கூடுதல் ஒலிபெருக்கிகளை வைத்து, அவற்றின் ஒலியைத் தகுந்த அளவு தாமதித்து ஒலிக்கச் செய்வது இந்த இயற்பியலுக்காகத்தான்.

கடிகாரத்துக்குக் கண் இல்லை

இவ்வளவு வல்லமை இருந்தும், நேரக்குறியீட்டிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு.

நேரடி நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் ஒரு நகைச்சுவையைச் சொல்கிறார். அரங்கம் சிரித்து ஓயும்வரை அவர் காத்திருப்பார். எத்தனை நொடி என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அங்கே மேடை மேலாளர் நிகழ்ச்சியைப் பார்த்து, “இப்போது” என்று சொன்ன பிறகுதான் கியூ ஓடும். நேரடி மிருதங்கமும் நட்டுவாங்கமும் உள்ள பரதநாட்டிய அரங்கேற்றத்திலும் அப்படித்தான். நட்டுவனார் ஆடுபவரின் கால்களைப் பார்த்து, தேவைப்பட்டால் காலத்தைச் சற்றே நிதானிப்பார். இயந்திரக் கடிகாரம் யாரையும் பார்த்து நிதானிக்காது.

ஆபத்தான கருவிகளில் இது உயிர்ப் பிரச்சினை. மேடையில் தீப்பிழம்பு எழும் இடத்தில் ஒரு நடனமணி வழுக்கி விழுந்துவிட்டார் என்று கற்பனை செய்து பாருங்கள். நேரக்குறியீடு 01:03:40:00ஐத் தொட்டதும், “இப்போது தீ” என்றுதான் சொல்லும். அங்கே ஒருவர் கிடக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் தீ, வெடி, மேலே தூக்கும் கம்பிகள், நகரும் மேடைகள் போன்றவற்றில் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்த்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் ஏற்பாடு உண்டு. அவர் விரலை எடுத்துவிட்டால், நேரம் வந்தாலும் எதுவும் இயங்காது. எப்போது என்பதைக் கடிகாரம் சொல்லும். செய்யலாமா என்பதை மனிதர் சொல்வார்.

உங்கள் பள்ளி மேடையில் தீயோ வெடியோ இருக்காது. இருந்தாலும் அந்த வழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்ளலாம். நிகழ்ச்சி தானாக ஓடுகிறது என்று கைத்தொலைபேசியில் மூழ்கிவிடாதீர்கள். ஒருவர் எண்களைப் பார்க்கட்டும். ஒருவர் மேடையைப் பார்க்கட்டும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தலில் நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த முறை ஒரு நிகழ்ச்சிக்குப் போகும்போது, மண்டபத்தின் பின்புறம் கட்டுப்பாட்டு மேசை இருக்கும் இடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு திரையில் எட்டு இலக்கங்கள் விரைந்து ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் அருகே, திரையை விட்டு மேடையையே கவனித்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. நொடிக்கு 25 ஃபிரேம். பூ 01:04:00:10இல் விரிய வேண்டும். குண்டு ஏற 2 நொடி 15 ஃபிரேம் ஆகும். எப்போது ஏவ வேண்டும்?

2. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், ஒரு முழு நாளுக்கு எத்தனை வெவ்வேறு முகவரிகள் உண்டு?

3. 29.97 டிராப் ஃபிரேம் முறையில் 00:00:59:29க்கு அடுத்து வரும் எண் எது? 00:09:59:29க்கு அடுத்து வருவது எது?

விடைகள்: 1) 01:03:57:20. 2) 21 இலட்சத்து 60 ஆயிரம். 3) முதலாவதற்கு 00:01:00:02, இரண்டாவதற்கு 00:10:00:00, ஏனெனில் 10ஆம் நிமிடத்தில் எண்களைத் தாண்டுவதில்லை.